மஞ்சள் நாடாக் குட்டி

மாமியார் டிராக்டரோடு பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். பின்னால் கோத்த டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு பழைய போர்வையும் விரித்திருந்தது. பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவள் ஆறரை வயதுப் பேத்தி. இறங்கும்போதே எதையோ பேசிக்கொண்டு இறங்கினாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளுக்குப் பின்னால் மருமகள் நான்கு வயதுப் பேரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். குளிர்காலத்தில் பிறந்து முதல் மூன்று மாதம் துணிச்சுற்றலுக்குள்ளேயே கிடந்ததால் அவன் பொட்டலம்.

"எங்கேம்மா என் பையன்?" என்றார் மாமியார்.

"லீவு தரலை அத்தை. பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கார்."

"ஊரையெல்லாம் ஏத்தி இறக்குறான். பெத்தவங்க வீட்டுல இறங்க மட்டும் நேரமில்லை." திட்டுவதுபோல்தான் சொன்னார். ஆனால் கை அதற்குள் பேரனைப் பிடுங்கி டிராக்டர் சீட்டில் தன் மடியில் வைத்துக்கொண்டது.

மருமகள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ். பதினான்கு வருடச் சர்வீஸ். கடைசியாகத் தொடர்ந்து ஆறு இரவு டியூட்டி பார்த்துவிட்டு, அந்தக் கண்ணெரிச்சலோடேயே பஸ் ஏறியிருந்தாள். பண்ணைக்குள் டிராக்டர் நின்றதும் அவள் முதலில் போனது குழாயடிக்கு. தன் கையைக் கழுவி, பிள்ளைகள் கையை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள்.

"இவ கழுவுற கழுவுல ரெண்டுக்கும் கைரேகையே மிஞ்சாது" என்று மாமியார் கணவரிடம் சொன்னார்.

மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகளை ஆட்டுக் கொட்டகைக்கு இழுத்துப் போகும் அவசரத்தில் இருந்தார்.

கொட்டகையில் இருந்தவை எல்லாமே வெள்ளை ஆடுகள். தாய்களும் வெள்ளை, பக்கத்துத் தடுப்பில் கட்டியிருந்த கிடாவும் வெள்ளை, அதற்குப் பிறந்த குட்டிகளும் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்ததுபோல் ஒரே வெள்ளை. இரண்டரை மாதம் முன்பு ஒரே வாரத்தில் ஈன்ற குட்டிகள். கிடாக்குட்டிகள் போன மாதமே விற்றுப் போய்விட்டன. மிச்சம் இருந்தவை பதினொரு பெட்டைக்குட்டிகள், தாய்க்கு ஒன்று. எது யாருடைய பிள்ளை என்று தெரிவதற்கு மாமனார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். தையல்கடையில் பதினொரு நிறத்தில் நாடா வாங்கி, தாயின் கழுத்தில் ஒன்றும் அதே நிறத்தில் குட்டியின் கழுத்தில் ஒன்றும் கட்டியிருந்தார். பச்சைத் தாய்க்குப் பச்சைக் குட்டி, நீலத்துக்கு நீலம்.

"எங்க வார்டுலயும் இதேதான் மாமா" என்றாள் மருமகள். "அம்மா கையில ஒரு நம்பர், குழந்தை கால்ல அதே நம்பர்."

"பாத்தியா?" என்று மாமனார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலயே இப்படித்தானாம். நீ என்னமோ வேலையத்த வேலைன்னே."

மாமியார் ஒரு குட்டியைத் தூக்கி மருமகளிடம் நீட்டினார். அதன் கழுத்தில் மஞ்சள் நாடா.

"இதுதாம்மா நான் போன்ல சொன்னது. மகாராணி பொண்ணு."

மகாராணியைப் பற்றி மருமகள் இரண்டரை மாதமாகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். பண்ணையிலேயே அதிகம் பால் கறந்த ஆடு அது. மடி நோய் கண்டதில்லை, ஒரு நாளும் உதைத்ததில்லை. ஆனால் நான்கு வருடமாக ஈன்றதெல்லாம் கிடா. இந்த முறைதான் பெட்டை. வயதாகிவிட்டது, இதற்குமேல் சினைக்கு விடாதீர்கள் என்று கால்நடை டாக்டரும் சொல்லிவிட்டார். மறுநாள் நான்கு மணிக்கு ஒரு வியாபாரி வண்டி கொண்டுவந்து பத்துக் குட்டிகளைப் புதுப் பண்ணை ஒன்றுக்கு வளர்ப்புக்கு ஏற்றிப் போகிறார். பதினொன்றில் மஞ்சள் நாடா மட்டும் இங்கேயே இருக்கும். மாமியார் அதற்குத் தனி மூலை ஒதுக்கி, புது மரத்தொட்டியும் வைத்திருந்தார்.

"எனக்கு நகைநட்டு ஆசையெல்லாம் இல்லைம்மா. இது ஒண்ணு நின்னா போதும்" என்றார்.

அன்று முழுதும் ரேடியோவும் பொட்டலமும் பட்டியை விட்டு வெளியே வரவில்லை. குட்டிகள் தீவனத் தொட்டிமேல் ஏறின, பிள்ளைகளும் ஏறினார்கள். குட்டிகள் குதித்தன, பிள்ளைகளும் குதித்தார்கள். சாயங்காலம் பொட்டலத்தின் சட்டைப் பொத்தான் நான்கில் இரண்டை ஒரு குட்டி தின்றிருந்தது. அவன் அதற்கு அழவில்லை. மிச்ச இரண்டையும் அதனிடம் நீட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் மாமனார் தாய்களை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனார். மாமியார் கிணற்றடியில் குழாய் ஒழுகுவதைச் சரிபார்க்கப் போனார். போகும்போது, "பிள்ளைங்களைப் பாத்துக்கம்மா" என்றார்.

"அவங்க பாட்டுக்கு விளையாடட்டும் அத்தை, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று மருமகள் பட்டிக்கு எதிரே நிழலில் கிடந்த கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். ஆறு இரவுத் தூக்கமும் சேர்ந்து வந்து அவளைப் போட்டு அமுக்கியது.

கண் விழித்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. முதலில் கண்ணில் பட்டது பட்டி வேலிக் கம்பி. அதில் சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று வரிசையாக நாடாக்கள் தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தது. அரை நிமிடம் அந்த அழகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு தூக்கிவாரிப் போட்டது.

பட்டிக்குள் பதினொரு வெள்ளைக் குட்டிகள் வெறுங்கழுத்தோடு துள்ளிக்கொண்டிருந்தன. ரேடியோ முழங்கை வரை நுரையோடு வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். பொட்டலம் சோப்பை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"ரேடியோ! என்னடி இது?"

"தொவைச்சிட்டோம்" என்றாள் ரேடியோ, வேலை முடித்தவளின் நிம்மதியோடு. "ஒரே அழுக்கும்மா. உடம்புல போடுறதை ஒரு வாரத்துக்கு மேல தொவைக்காம போடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே? தாத்தா ரெண்டு மாசமா தொவைக்கலை."

"தாத்தா மோசம்" என்றான் பொட்டலம்.

"எது எந்தக் குட்டியோடதுன்னு..."

"காஞ்சதும் திரும்பக் கட்டிடலாம். எல்லாத்துக்கும் ஒண்ணு வருது. நான் எண்ணிட்டேன்."

பதினான்கு வருடத்தில் மருமகளின் வார்டில் ஒரு குழந்தைகூட மாறியதில்லை. கனவில் மட்டும் இரண்டு மூன்று முறை மாறியிருக்கிறது. அந்தக் கனவில் இருந்து எழுந்து உட்கார்ந்து அவள் தண்ணீர் குடித்திருக்கிறாள். இப்போது அது வெட்டவெளியில் பட்டப்பகலில் நடந்திருந்தது. செய்தது அவள் பெற்றதுகள், சொல்லிக்கொடுத்தது அவள்.

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். மாமியார் கையில் இருந்த குழாய்த் திருகி தரையில் கிடந்தது. அவர் வேலியைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று மருமகள் நினைத்தாள். மாமியார் மெதுவாகப் பட்டிக்குள் போய் ஒவ்வொரு குட்டியாகப் பிடித்து முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அத்தை, நான் தூங்கிட்டேன். என் தப்புதான்."

"விடும்மா" என்றார் மாமியார். "என் வீட்டு ஆட்டை எனக்குத் தெரியாதா?"

ரேடியோவின் முகம் இறங்கிவிட்டது. "பாட்டி, தப்பா?" என்று கேட்டாள். அன்று அவள் பேசியதிலேயே சின்ன வாக்கியம் அதுதான்.

மூன்று மணிக்கு மாமனார் சாப்பிட வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திப் பட்டிக்குள் நுழைந்து, கொழுகொழுவென்று இருந்த ஒரு குட்டியைத் தூக்கினார்.

"இதுதான். இதுக்குப் போயா ஒப்பாரி வைக்கிறீங்க?"

"அது இல்லைங்க" என்றார் மாமியார். அவர் பக்கத்தில் சாதுவாகக் கண்மூடி நின்ற ஒரு குட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "இது. இந்த அமரிக்கையைப் பாத்தாலே தெரியலை? அப்படியே அம்மா."

"அமரிக்கையாம். அது தூங்குது."

"உங்களுக்கு என் முகமே கூட்டத்துல அடையாளம் தெரியாது. கல்யாணத்துல என் தங்கச்சி பக்கத்துல போய் நின்ன ஆள் நீங்க."

"முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் அதை விடமாட்டியா?"

இருவரும் ஆளுக்கு ஒரு குட்டியை அணைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். மாமனார்தான் முதலில் தளர்ந்தார். கையில் இருந்ததைக் கீழே விட்டுவிட்டு, "நாடா இருந்த வரைக்கும் யாரு முகத்தைப் பாத்தா?" என்றார்.

நான்கு மணிக்கு முன்பே வியாபாரியின் வண்டி வந்து நின்றது. மீசை நரைத்த மனிதர். கதையைக் கேட்டு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"அக்கா, நான் இருட்டுறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேக்கணும். இன்னைக்கு விட்டா அவங்க வேற இடத்துல வாங்கிடுவாங்க."

"தாய் திரும்பி வந்தா தன் குட்டியைக் கண்டுபிடிச்சிடும் இல்ல மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"மத்ததெல்லாம் கண்டுபிடிக்கும்மா. வாசனையிலயே பிடிச்சிடும். அடுத்த குட்டி கிட்ட வந்தா முட்டித் தள்ளிடும். மகாராணிதான்..." மாமனார் இழுத்தார். "அது எல்லாக் குட்டியையும் குடிக்க விடும். ஊர்ப் பிள்ளை, தன் பிள்ளைன்னு பாக்காது. அதனாலதான் அதுக்கு மகாராணின்னே பேரு."

மாமியார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் மட்டும் நின்றாள். அவளுக்குள் ஒரு டியூட்டி நர்ஸ் எழுந்து கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

"ஒரு நிமிஷம். முதல்ல இது சொல்லு ரேடியோ. குட்டிகளையும் குளிப்பாட்டினீங்களா?"

எல்லாரும் ரேடியோவைப் பார்த்தார்கள். வாசனை போயிருந்தால் எல்லாமே போயிற்று.

"குளிப்பாட்டத்தான் நினைச்சோம்" என்றாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு. "தண்ணி தீந்துபோச்சு."

"பொட்டலம் வாளியைக் கவுத்துட்டான்" என்று ஒரு நொடி கழித்துச் சேர்த்துக்கொண்டாள்.

மாமியார் எழுந்து வந்து பொட்டலத்தை வாரித் தூக்கி முத்தமிட்டார். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. சோப்பை அவரிடம் கொடுத்தான்.

"அப்போ சரி" என்றாள் மருமகள். "எங்க வார்டுல ஒரு குழந்தைமேல சந்தேகம் வந்தா, அந்தக் குழந்தையை வச்சுக்கிட்டு யோசிக்க மாட்டோம். சந்தேகமில்லாத மத்ததையெல்லாம் முதல்ல உறுதி பண்ணுவோம். மகாராணியைக் கடைசியா விடுவோம் அத்தை. மீதிப் பத்துத் தாயும் ஒவ்வொண்ணா வந்து தன் பிள்ளையை எடுத்துக்கட்டும். பத்தும் போனப்புறம் நிக்குறது யாரு?"

வியாபாரி மீசையைத் தடவினார். "கடைசியா ஒரு தடவை குடிச்சுட்டு வந்தா எனக்கும் நல்லதுதான். வழியில கத்தாது. டீ உண்டா?"

அதன்பிறகு கொட்டகை பிரசவ வார்டு ஆகிவிட்டது. மாமனார் ஓடிப்போய் மந்தையை முன்கூட்டியே ஓட்டிவந்தார். தாய்கள் முற்றத்தில் நின்று கத்த, குட்டிகள் உள்ளே நின்று கத்தின. வியாபாரி டீ கிளாஸோடு கதவுக்குக் காவல். அவர் அனுமதி இல்லாமல் ஒரு கொம்பும் உள்ளே நுழையக்கூடாது. பொட்டலம் வேலியில் இருந்து நாடாக்களை எடுத்து ரேடியோவிடம் கொடுக்க, ரேடியோ அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். வீட்டில் கிடந்த ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் மருமகளுக்கு ரிஜிஸ்டர் ஆனது.

"பச்சையை விடுங்க."

பச்சை நாடாத் தாய் உள்ளே வந்ததும் பதினொரு குட்டியும் அதன்மேல் பாய்ந்தன. அது இரண்டைக் கொம்பால் ஒதுக்கி, ஒன்றைக் காலால் தட்டி, ஒன்றின் வாலடியை மோந்து பார்த்து அசையாமல் நின்றது. அந்தக் குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

"பச்சை!" என்று மருமகள் கை நீட்டினாள்.

ரேடியோ நாடாவை எடுத்துக் கொடுத்தாள். மாமனார் கட்டினார். தாயும் பிள்ளையும் பின்வாசல் வழியாக வெளியே போயின. அடுத்து சிவப்பு. அடுத்து எப்போதும் எதற்காவது கத்திக்கொண்டிருக்கும் புலம்பல் என்ற ஆடு. தன் குட்டி கிடைத்த பிறகும் அது புலம்பிக்கொண்டேதான் போனது.

நான்காவது வந்தது கம்பிக்காரி. எந்த வேலியைக் கண்டாலும் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும் ஆடு. உள்ளே வந்ததும் தொட்டியில் கிடந்த தீவனத்தில் தலையை நுழைத்தது. அது தின்னத் தின்ன, ஒரு குட்டி பின்னங்கால்களுக்கு நடுவே தலையை விட்டுச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.

"நீலம்!" என்று ரேடியோ நாடாவை நீட்டிவிட்டாள். மாமனார் குனிந்தார்.

"இருங்க மாமா" என்றாள் மருமகள். "ஆடு இன்னும் மோந்து பாக்கலை. அம்மா கையெழுத்து இல்லாம நான் டிஸ்சார்ஜ் பண்ண மாட்டேன்."

வியாபாரி உள்ளே வந்து தொட்டியை இழுத்தார். கம்பிக்காரி தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது, மோந்தது. அடுத்த நொடி அந்தக் குட்டி இரண்டு முழம் தள்ளி வைக்கோலில் கிடந்தது. கிடந்தது எழுந்து, உதட்டில் இருந்த பால் நுரையை நக்கிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல் நின்றது.

"திருட்டுக் கழுதை" என்று மாமனார் சிரித்தார். "தலைப்பக்கம் போனா மாட்டிப்போம்னு பின்பக்கமா வருது பாரு. எத்தனை நாள் பழக்கமோ."

"இது எந்த வீட்டு லட்சணமோ" என்றார் மாமியாரும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் திருடி அதோடு விடவில்லை. ஊதாவிடம் ஒரு முட்டு, வெள்ளை நாடாவிடம் ஒரு உதை. ஆரஞ்சிடம் ஏழெட்டு மடக்கு குடித்த பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் வியாபாரி, "மேடம், அந்த ஆள் மறுபடியும் உள்ளே" என்று கதவில் இருந்து குரல் கொடுத்தார். பொட்டலம் அதற்காகக் கைதட்டினான்.

ஆறாவது தாய் மாமனாரின் கொழுகொழுக் குட்டியை எடுத்துக்கொண்டு போனது. மாமனார் அந்த நாடாவைக் கட்டும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொஞ்சம் குண்டா இருக்கேன்னுதான் சந்தேகப்பட்டேன்" என்றார்.

மாமியாரின் கண் தன்னுடைய சாதுக் குட்டிமேலேயே இருந்தது. எட்டாவது தாய் அதைத் தாண்டிப் போனது. ஒன்பதாவதும் தாண்டிப் போனது. மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். உள்ளே இரண்டே குட்டிகள். வெளியே மகாராணியைத் தவிர ஒரே தாய்.

பத்தாவது ஆடு நேராக வந்து அந்தச் சாதுக் குட்டியை மோந்து பார்த்து, அதன் முதுகை நக்க ஆரம்பித்தது. குட்டி அப்போதுதான் கண்ணைத் திறந்தது.

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

எல்லாரும் வைக்கோல் மூலையைப் பார்த்தார்கள். அங்கே கடைசியாக நின்றது அந்தத் திருடி. வாயோரம் மற்ற தாய்களின் பால்.

"இதுவா?" என்றார் மாமியார். "இதுவா மகாராணி பொண்ணு?"

"தாய் ஊருக்கெல்லாம் குடுத்தா பொண்ணு ஊருக்கெல்லாம் போய்த்தானே குடிக்கணும் அக்கா" என்றார் வியாபாரி. "இது குடிக்க வந்தப்ப அம்மா மடி காலியா இருந்திருக்கும்."

மருமகள் ரிஜிஸ்டரில் பத்து வரிகளையும் ஒருமுறை விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "மகாராணியை விடுங்க" என்றாள். வியாபாரி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வேறு யாருக்கும் செய்யாத மரியாதையாகக் கதவை அகலத் திறந்தார்.

மகாராணி நிதானமாக உள்ளே வந்தது. மடி நிறைந்து இருந்தது. மாமனார் குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாயின் முகத்துக்கு நேராக விட்டார். குட்டி ஒரு கணம் நின்றது. முட்டு விழப்போகிறதா என்று பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்தது. பிறகு ஓரமாக நழுவி, சுற்றிக்கொண்டு போய், பின்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்தது.

எத்தனையோ குட்டிகள் குடிக்கும்போது திரும்பியே பார்க்காத மகாராணி அப்போது கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தது. தொண்டைக்குள்ளேயே உருண்ட ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது. கத்தல் இல்லை. வார்டில் முதல்முறை குழந்தையை வாங்கும் பெண்களிடம் மருமகள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அவள் மஞ்சள் நாடாவை ரேடியோவின் தோளில் இருந்து எடுத்து மாமியாரின் கையில் வைத்தாள்.

மாமியார் மண்டியிட்டு உட்கார்ந்து, சோப்பு வாசனை அடித்த நாடாவை ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கழுத்தில் கட்டப் பார்த்தார். குட்டி குடிப்பதை நிறுத்தவே இல்லை. இருமுறை முடிச்சு நழுவியது. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி கட்டினார்.

"ஏண்டி" என்றார், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "சொந்த வீட்டுலயே திருடுறியே!"